ஆங்கில ஆசிரியர் தேர்வில் ஆங்கிலம் 30 மதிப்பெண்தான்

கேள்வி: வணக்கம் மேடம். பெரம்பூரில் இருக்கிறேன், வயது 33. பள்ளிப் படிப்பு முழுவதும் மாநகராட்சிப் பள்ளியில், தமிழ் வழியில். பி.ஏ. ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்துவிட்டு மயிலாப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆக வேண்டும் என்பது ஆசை. போன டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான தாள் 2 கொஞ்ச மதிப்பெண்ணில் தவறிவிட்டது. விடைக்குறிப்பை வைத்துக் கணக்குப் பார்த்தால் ஆங்கிலத்தில் 30-க்கு 24, சமூக அறிவியலில் 60-க்கு 21. ஒரு பயிற்சி மையத்தில் ஆங்கிலத்துக்கென்றே தனி பேட்ச் இருக்கிறது, 25,000 ரூபாய் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்துச் சேரலாமா என்று யோசிக்கிறேன். இலக்கிய வரலாறு எவ்வளவு படித்தாலும் நிற்க மாட்டேன் என்கிறது; தோழி கொடுத்த மெட்டீரியலே மூன்று கட்டு இருக்கிறது. தமிழ் வழியில் படித்ததால் ஆங்கிலம் பேசும்போது இன்றும் தடுமாறுகிறேன், இந்த வேலைக்கு நான் சரிப்படுவேனா? அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருக்கிறேன், மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கான பிஜி டிஆர்பி தேர்வும் எழுதலாமா? பெயர் வேண்டாம். மகன் எல்கேஜி போகிறான், தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எனக்குக் கிடைக்காது.

பதில்: வணக்கம் டீச்சர். நகையை அடகு வைக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் பயம் எல்லாம் ஆங்கிலத்தைப் பற்றியே இருக்கிறது. சமூக அறிவியல் ஒரே ஒரு இடத்தில், அதுவும் போகிற போக்கில் வருகிறது. பி.எட். மாணவர்களுக்கு நான் வகுப்பெடுத்த காலத்திலிருந்தே ஆங்கிலப் பட்டதாரிகளிடம் இதைப் பார்த்துவருகிறேன். தாள் 2-ஐ எடுத்துப் பாருங்கள். 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60 மதிப்பெண்ணுக்குக் கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். மொழி ஆசிரியர்கள் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். நம் ஆட்கள் பெரும்பாலும் சமூக அறிவியல் பக்கம்தான் போவார்கள். ஆக, ஆங்கில ஆசிரியர் ஆவதற்கான முதல் வாசலில் ஆங்கிலத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு, வரலாறு, புவியியல், குடிமையியல் வகையறாவுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. நீங்கள் ராப்பகலாக ஆங்கிலம் படித்தாலும் இனி அதில் கூடப்போவது அதிகபட்சம் 6 மதிப்பெண். சமூக அறிவியலில் 39 மதிப்பெண் எடுக்க ஆளில்லாமல் கிடக்கிறது. 25,000 ரூபாயை எந்தப் பக்கம் கொட்டப் பார்த்தீர்கள் என்று யோசியுங்கள்.

இரண்டு தேர்வுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இதற்குக் காரணம். டெட் என்பது தகுதி மட்டும். அதில் ரேங்க் கிடையாது, பக்கத்து பெஞ்ச்காரர் 130 வாங்கினால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண். மற்ற பிரிவுகளுக்கு அரசு தளர்வு தருகிறது, உங்கள் பிரிவுக்கு எவ்வளவு என்பதை அறிவிக்கை வந்ததும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு ஏழு ஆண்டுதான் செல்லும் என்றிருந்த சான்றிதழ் 2021-இலிருந்து ஆயுளுக்கும் செல்லும் என்றாகிவிட்டது. ஒரு தடவை தாண்டினால் போதும். வேலை கொடுப்பது அடுத்த தேர்வு. 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட் தேர்ச்சி பெற்றவர்கள் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுதித்தான் பட்டதாரி ஆசிரியர் ஆக முடியும். படிப்பு மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்த்த முந்தைய வெயிட்டேஜ் கணக்கெல்லாம் போய்விட்டது. அந்தப் பயிற்சி மையத்தின் ஆங்கில பேட்ச் இந்த இரண்டாவது தேர்வுக்கானது. டெட் கையில் இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது.

அப்புறம், கூட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற பணியிலுள்ள ஆசிரியர்களும் டெட் எழுதியாக வேண்டிய நிலை. தேர்வு மையத்தில் நரைத்த தலைகள் நிறையத் தெரியும். அவர்கள் உங்கள் இடத்தைப் பிடுங்க வரவில்லை, தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வருகிறார்கள். கவலைப்பட வேண்டியது இடைவெளியைப் பற்றி. 2012, 2013-க்குப் பிறகு 2017, பிறகு 2019, தாள் 2 அடுத்து நடந்தது 2023 பிப்ரவரியில், அதற்கும் அடுத்தது 2025 நவம்பரில். நம் வசதிக்கு நடக்கிற தேர்வு இல்லை இது. தேதி வந்த பிறகு படிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் மகன் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவான்.

சரி, சமூக அறிவியலை எப்படிப் படிப்பது? மெட்டீரியலை மூட்டை கட்டி ஓரமாக வையுங்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புச் சமச்சீர் புத்தகங்கள், பின் ஒன்பது, பத்து, தேவையான இடத்தில் பதினொன்று, பன்னிரண்டு. கேள்விகள் ஆறு முதல் எட்டு வரையிலான பாடத்திலிருந்து வரும், ஆனால் கடினம் மேல்நிலை, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு அளவு வரை போகலாம் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2011-இல் கொடுத்த வழிகாட்டு நெறி. அதனால் எட்டாம் வகுப்பில் ஒரு பாடம் படித்ததும் அதே விஷயம் மேல் வகுப்புகளில் எங்கே தொடர்கிறது என்று தேடி, அதையும் அதே வாரத்தில் முடித்துவிடுங்கள். வகுப்பு வரிசைப்படி போனால் ஆறாம் வகுப்பு சிந்துவெளி பத்தாம் வகுப்பு உலகப் போருக்கு வரும்போது மறந்திருக்கும். புத்தகங்கள் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கின்றன. கையில் பிடித்துப் படித்தால்தான் ஏறும் என்றால் கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் பாடநூல் கழக விற்பனை மையம் இருக்கிறது. அந்த வளாகத்துக்கு இப்போது பேராசிரியர் அன்பழகன் பெயர். ஆட்டோக்காரரிடம் டிபிஐ என்று சொன்னால்தான் புரியும்.

எட்டாம் வகுப்பு வரலாற்றில் இந்தியாவில் கல்வி வளர்ந்த கதை ஒரு பாடமாக வருகிறது. அதை எல்லோரும் வேகமாகத் தள்ளிவிட்டுப் போவார்கள். நீங்கள் அங்கே உட்காருங்கள். 1813 பட்டயச் சட்டத்தில் கம்பெனி கல்விக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சம்மதிக்கிறது. அந்தப் பணத்தைச் சமஸ்கிருத, அரபு படிப்புக்குச் செலவழிப்பதா, ஆங்கிலத்துக்கா என்று இருபது வருஷம் சண்டை. 1835-இல் ஆங்கிலத்துக்கு ஆதரவாக மெக்காலே குறிப்பு எழுதுகிறார், கவர்னர் ஜெனரல் பெண்டிங் ஒத்துக்கொள்கிறார். 1854-இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை. அதன் பலனாக 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்கள். இது டெட் வரலாற்றில் வரும். கல்வியியல் பகுதியில் வரும். இந்திய ஆங்கில இலக்கியம் ஏன் எப்போது முளைத்தது என்ற கேள்விக்கும் வேர் இதுதான். மெரினா பக்கம் போகும்போது பார்க்கிறோமே, அந்தச் செந்நிறக் கட்டடங்கள் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் பிறப்புச் சான்றிதழ் இந்தப் பாடத்தில் இருக்கிறது. ஒரு பாடத்தை ஊன்றிப் படித்து மூன்று இடத்தில் மதிப்பெண் எடுப்பதுதான் தினம் இரண்டு மணி நேரம் கிடைக்கிறவருக்குக் கட்டுப்படியாகும் வழி.

குழந்தை மேம்பாட்டுப் பகுதியில் உங்களுக்கு இருக்கிற வசதி வீட்டில் இருந்து படிக்கிறவர்களுக்குக் கிடையாது. தாள் 2-இல் இந்தப் பகுதி 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளை மையமாக வைத்தது. உங்கள் வகுப்பே அதுதான். உளவியலாளர் பியாஜே சொல்கிற நான்கு நிலைகளில் ஏழு முதல் பதினொன்று வரை கண்ணால் பார்ப்பதை வைத்து யோசிக்கும் பருவம், பதினொன்றுக்கு மேல் கருத்தளவில் யோசிக்கும் பருவம். உங்கள் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் நிற்பார்கள். உருவகம் நடத்தும்போது யார் முகத்தில் வெளிச்சம் வருகிறது, யார் விழிக்கிறார்கள் என்று பாருங்கள். வைகாட்ஸ்கி சொன்னது, பிள்ளை தனியாகச் செய்ய முடியாமல் கொஞ்சம் கைகொடுத்தால் செய்துவிடுகிற அந்த இடைப்பட்ட எல்லையைப் பற்றி. நாளை ஒரு பிள்ளைக்கு முதல் வரியை மட்டும் எழுதிக் கொடுத்து மீதியை எழுதவைக்கும்போது, அதற்குப் பெயர் இதுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். கோல்பர்க், எரிக்சன், தார்ண்டைக், ஸ்கின்னர், கார்ட்னர் என்று பாடத்தில் வரும் உளவியலாளர்கள் எல்லோரையும் இப்படி ஒவ்வொரு பிள்ளையின் மேல் உட்காரவைக்கலாம். இந்தப் பகுதியில் கேள்வி பெரும்பாலும் ஒரு வகுப்பறைச் சூழலைச் சொல்லி, ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். நாலு விடையும் நல்லவையாகத் தெரியும். பிள்ளையைக் கண்டிக்கிற விடை, ஒதுக்குகிற விடை, பெற்றோரிடம் தள்ளிவிடுகிற விடை, இந்த மூன்றையும் அடித்துவிட்டால் மிச்சம் நிற்பதே பெரும்பாலும் சரியான விடை.

தமிழைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. போட்டித் தேர்வில் கட்டாயத் தமிழ் தகுதித் தாள் ஒன்று உண்டு. 30 கேள்வி, 50 மதிப்பெண், அரை மணி நேரம். அதில் 40 சதவீதம், அதாவது 20 மதிப்பெண் எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். இந்த மதிப்பெண் ரேங்கில் சேராது, ஆனால் வாசலில் நிற்கிற காவலாளி அதுதான். எல்கேஜி முதல் ஆங்கில வழியிலேயே படித்து, பிரெஞ்சோ இந்தியோ இரண்டாம் மொழியாக எடுத்து, ஆங்கில இலக்கியத்தில் தங்கப் பதக்கம் வாங்கிய பிள்ளைகள் இந்த இடத்தில் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் குறையாக நினைத்துக் கடிதம் எழுதிய அந்தத் தமிழ் வழிப் படிப்பு இங்கே உங்களுக்குக் கவசம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிவிட்டுப் போனால் போதும்.

இனி அந்தப் போட்டித் தேர்வின் ஆங்கிலம். 2024 பிப்ரவரி 4-ஆம் தேதி நடந்த தேர்வில் முதன்மைப் பாடம் 150 கேள்வி, 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். இங்கே ரேங்க் உண்டு, ஒரு மதிப்பெண்ணுக்குள் ஒரு கூட்டமே நிற்கும். பாடத்திட்டம் அலகு அலகாக ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பியின் இணையதளத்தில் கிடைக்கிறது. அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதில் பெயர் இல்லாத எதையும் எவ்வளவு ருசியாக இருந்தாலும் இப்போது தொடாதீர்கள்.

இலக்கணத்தில் தமிழ் வழிக்காரர்கள் உண்மையிலேயே வலுவானவர்கள். ஆங்கிலத்தைக் காதால் பழகியவர்கள் 'இதுதான் சரியாகக் கேட்கிறது' என்று விடை போடுவார்கள். விதி கேட்டால் முழிப்பார்கள். நீங்கள் விதியாகவே கற்றவர். 'செல்டம்', 'ஹார்ட்லி' வந்தால் வாக்கியம் எதிர்மறைக் கணக்கு, அதனால் கொஸ்டின் டேக் நேர்மறையில் வர வேண்டும். 'லெட்ஸ்' என்று தொடங்கினால் 'ஷல் வி'. 'ஒன் ஆஃப் த' என்றால் அடுத்து வரும் பெயர் பன்மை, வினை ஒருமை. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபௌட்' கிடையாது. சென்னையில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதைப் போட்டுத்தான் பேசுவார்கள், அதனாலேயே பிழைதிருத்தக் கேள்விக்கு அது தோதான தூண்டில். 'யுனிவர்சிட்டி'க்கு முன்னால் 'எ', 'ஹவர்'க்கு முன்னால் 'ஆன்', ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை.

ஒலியியலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குறியீடுகளைப் பார்த்தாலே ஒரு மிரட்சி. உண்மையில் உழைப்புக்கு மிஞ்சிய மதிப்பெண் தருவது இந்தப் பகுதிதான். பிரிட்டிஷ் உச்சரிப்புக் கணக்கில் ஆங்கிலத்துக்கு 44 ஒலி. மெய் 24, உயிர் 20; அந்த இருபதில் ஒற்றை உயிர் 12, இரட்டை உயிர் 8. குறில் நெடில் தெரிந்த நமக்கு 'ஷிப்', 'ஷீப்' வித்தியாசம் ஒரு விஷயமே இல்லை. இடறுகிற இடம் வேறு: 'ப'வுக்கும் 'க'வுக்கும் தமிழில் ஆளுக்கு எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ஆங்கிலத்தில் அந்த இரண்டும் வெவ்வேறு ஒலியன்கள், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் ஒலிகள். எந்த மெய்யில் தொண்டை அதிர்கிறது, எதில் அதிரவில்லை என்று கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அழுத்தமும் அப்படித்தான். 'ரெக்கார்ட்', 'பிரசென்ட்' போன்ற சொற்கள் பெயராக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாவதில். இரண்டு வாரம் தினம் அரை மணி ஒதுக்கினால் முடிகிற வேலை.

இலக்கிய வரலாறு நிற்கவில்லை என்கிறீர்கள். எப்படி நிற்கும்? மெட்டீரியலில் இருப்பது பெயரும் ஆண்டும் மட்டும், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல். ஒரு மையம் அச்சடித்ததை இன்னொரு மையம் காப்பியடிக்க, தப்பும் சேர்ந்தே போகிறது. சமூக அறிவியலுக்காகப் படித்த ஆண்டுகளை இங்கேயும் பயன்படுத்துங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய 1600-இல் ஷேக்ஸ்பியருக்கு 36 வயது. சென்னப்பட்டினத்து மணல்மேட்டைக் கம்பெனி பெற்றது 1639-இல்; அடுத்த மூன்றாம் ஆண்டு, 1642-இல், லண்டனில் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடுகிறது. 1660-இல் மன்னராட்சி திரும்புகிறது, அரங்குகள் திறக்கின்றன, நாடகத்தின் முகமே மாறுகிறது. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து கவிதைத் தொகுப்பு வெளியிட்டது 1798, மறு வருஷம் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1837 முதல் 1901 வரை விக்டோரியா ராணி. 1857 கிளர்ச்சியும் நம் பல்கலைக்கழகமும் அந்தக் காலத்துக்குள் வருகின்றன. தாகூருக்கு நோபல் 1913. ஆர்.கே. நாராயண் பிறந்தது 1906-இல், இதே சென்னையில். உங்கள் பெரம்பூருக்குப் பக்கத்துப் புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை ஆணியாக அடித்துவிட்டால், மற்ற பெயர்களை அவற்றில் மாட்டிக்கொண்டே போகலாம்.

அடுத்தது நூல்கள். கவிதையையும் கட்டுரையையும் மூலத்திலேயே படித்துவிடுங்கள், சத்தம் போட்டு. பாடத்திட்டத்தில் இருக்கிற கவிதைகளில் பல ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான். அதற்குச் சுருக்கம் படிக்கிற நேரத்தில் கவிதையையே இரண்டு தடவை படித்துவிடலாம். ஒரு வரியைக் கொடுத்து அணி எது, யார் பேசுகிறார், எதைச் சுட்டுகிறது என்று கேட்கும் கேள்விக்குச் சுருக்கம் உதவாது. பதினான்கு வரிப் பாடலில் எட்டும் ஆறுமாகப் பிரிந்தால் இத்தாலிய வகை, மூன்று நான்கடியும் கடைசியில் ஓர் ஈரடியுமாக வந்தால் ஷேக்ஸ்பியர் வகை என்பதை இரண்டு பாடலைப் படித்துப் பார்த்தாலே போதும், பட்டியல் வேண்டாம். பெரிய நாவல்களையும் நீண்ட நாடகங்களையும் எல்லாம் முழுக்கப் படிக்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு நேரம் இல்லை. முதல் அத்தியாயத்தை மூலத்தில் படியுங்கள், மீதிக்கு நம்பகமான கதைச்சுருக்கம். ஒவ்வொரு நூலுக்கும் அரைப்பக்கம்: என்ன வகை, யார் யார், எந்த இடத்தில் கதை திரும்புகிறது, அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிற வரி எது. அரைப்பக்கத்தைத் தாண்டாதீர்கள். எழுதுவது உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும், வேறு யார் நோட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

மொழி கற்பித்தல் முறைகளில் ஒரு சென்னைத் தொடர்பு உண்டு, எனக்குப் பிடித்தது. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை நேரடியாக நடத்தாமல், பிள்ளைகளுக்கு ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்து, அதைத் தீர்க்கும் போக்கில் மொழி தானாக வர வேண்டும் என்பது திட்டம். பெங்களூர் திட்டம் என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் பெயர் வாங்கிவிட்டது, சென்னைப் பள்ளிகளும் அதில் இருந்தன. பணிவழிக் கற்பித்தல் என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பு முறை, நேர்முறை, அமைப்பு முறை, தகவல்தொடர்பு முறை ஆகியவற்றை உங்கள் வகுப்பில் ஒவ்வொன்றாக ஒரு பாடத்துக்கு நடத்திப் பார்த்தால் அவற்றின் நிறைகுறையை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இப்போது பயிற்சி மையம். எல்லா மையமும் மோசம் என்று சொல்ல மாட்டேன். நேர ஒழுங்கு இல்லாதவர்களுக்கு அது ஒரு கட்டாயத்தைக் கொடுக்கும். உங்களுக்குத் தேவை மாதிரித் தேர்வு மட்டும், அதுவும் டெட் முடிந்த பிறகு. டெஸ்ட் பேட்சில் மட்டும் சேரும் வசதி பல இடங்களில் உண்டு. கட்டணம் முழு வகுப்பில் ஒரு சிறு பங்குதான் வரும். அதற்கு முன்பு, கிண்டியில் வேலைவாய்ப்புத் துறை நடத்தும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரியுங்கள். தேர்வு அறிவிக்கை வருகிற சமயங்களில் இலவச வகுப்பு நடத்துவார்கள். சனி, ஞாயிறில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது, காசு கிடையாது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு என்பதால் வீட்டுக்காரர் மகனோடு அங்கே இருக்க, நீங்கள் கீழே மூன்று மணி நேரம் உட்காரலாம். அவரிடம் இதைச் சலுகையாகக் கேட்காதீர்கள், வீட்டு வரவுசெலவு விஷயமாகப் பேசுங்கள்.

29சி பஸ்ஸில் நின்றுகொண்டு இலக்கியம் படிக்க முடியாது, முயலவும் வேண்டாம். சமூக அறிவியல் பாடக் குறிப்புகளை உங்கள் குரலிலேயே போனில் பதிவுசெய்து காதில் மாட்டிக்கொள்ளுங்கள். இரவு மகன் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் கனமான பாடம். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் முந்தைய ஆண்டுக் கேள்வித்தாள். வினாத்தாள் போடும்போது விடை மட்டும் பார்க்காமல் தவறான மூன்று விடைகளும் ஏன் தவறு என்று எழுதுங்கள். அந்த மூன்றும்தான் அடுத்த தேர்வின் கேள்விகள். தேர்வு முடிந்ததும் டிஆர்பி உத்தேச விடைக்குறிப்பு போடும். அதை ஆட்சேபிக்க வேண்டும் என்றால் அங்கீகரிக்கப்பட்ட பாடநூல் ஆதாரம் கேட்பார்கள். கைடும் கோச்சிங் நோட்ஸும் செல்லாது. எந்தப் பாடம் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் என்று குறித்துப் படிக்கிறவருக்கு அந்த ஒரு வாரத்தில் இரண்டு மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது, ரேங்கில் அது எத்தனை பேரைத் தாண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

பேச்சில் தடுமாறுவது பற்றி. பட்டதாரி ஆசிரியர் தேர்வில் நேர்முகத் தேர்வு கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். எனவே தேர்வுக்காக அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. வேலைக்குச் சரிப்படுவேனா என்று கேட்டால், அரசுப் பள்ளியில் உங்கள் முன்னால் உட்காரப்போவது நீங்கள் படித்த மாதிரிப் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் எங்கே திணறுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், சரளமாகப் பேசி வளர்ந்தவருக்குத் தெரியாது. அதற்காகப் பேச்சை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. சத்தம் போட்டுக் கவிதை படிக்கச் சொன்னேனே, அதிலேயே நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வரும்.

பிஜி டிஆர்பிக்கு எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும், பி.ஏ.வும் எம்.ஏ.வும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் ஆங்கிலம் என்பதால் சிக்கல் இல்லை. நீங்கள் சேர்ந்திருக்கும் தொலைநிலைப் படிப்புக்கு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள். அந்தத் தேர்வில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. டெட் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் பலமானவர்களுக்கு உண்மையில் இது நேர்வழி. ஆனால் உங்களுக்கு எம்.ஏ. முடியவே நாளாகும், அதுவரை டெட்டை முடிப்பது என் தேர்வு. வயது பற்றிப் பதற்றம் வேண்டாம். நேரடி நியமனத்துக்கு உச்ச வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று 2023-இல் உயர்த்தியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு காகித வேலை. சான்றிதழ் சரிபார்ப்பில் திருமணமான பெண்கள் மாட்டிக்கொள்கிற இடம் சாதிச் சான்றிதழ். அது தகப்பனார் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரிலும் பட்டத்திலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பி.ஏ. பட்டத்தில் பாடத்தின் பெயர் ஆங்கிலம் அல்லது ஆங்கில இலக்கியம் என்று இல்லாமல் வேறு மாதிரி இருந்தால், அது ஆங்கிலப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேடி ஒரு நகல் எடுத்துவையுங்கள். சான்றிதழ் பழையதோ பெயர் மாறியோ இருந்தால் பக்கத்து இ-சேவை மையத்தில் இந்த மாதமே மனு போட்டுவிடுங்கள். அறிவிக்கை வந்த பிறகு போனால் அங்கே உங்களுக்கு முன்னால் ஒரு ஊரே நிற்கும்.